முதல் ஷென் யென்

ஷாங்காயில் அந்த ஆய்வகத்தில் ஷென் யென் என்ற பெயரில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அக்கா தங்கை இல்லை, தூரத்து உறவுகூட இல்லை. ஒருத்தியின் யென் என்றால் தகைவிலான் குருவி. இன்னொருத்தியின் யென் என்றால் மை உரைக்கும் கல். சீன எழுத்தில் எழுதினால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் குழம்பாது. குருவிக்குக் கீழே வால் மாதிரி நான்கு புள்ளி இருக்கும், மைக்கல்லுக்கு இடப்பக்கம் கல் என்றே எழுதியிருக்கும். காதால் கேட்டால் மட்டும் இரண்டும் ஒன்று. ஆங்கில எழுத்தில் போட்டால் சுத்தம், கடவுளே வந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அதனால் எல்லோரும் அவர்களைக் குருவி, மைக்கல் என்றே கூப்பிட்டார்கள். கீழே வாசலில் சாப்பாடு கொண்டுவந்தவன் "ஷென் யென்!" என்று கத்தினால் இருவரும் இறங்கிப் போவார்கள். யாருடைய நூடுல்ஸ் என்று பார்க்காமல் படிக்கட்டிலேயே பாதிப் பாதி சாப்பிட்டுவிட்டு மேலே வருவார்கள். ஒருத்திக்கு வந்த மின்னஞ்சலை இன்னொருத்தி திறந்து, பதிலும் போட்டுவிட்டு, அப்புறம் சொல்வாள். இங்கே நெருங்கிய நட்புக்கு இரும்பு என்று பெயர். அவர்கள் இருவரும் இரும்பு. ஐந்து வருடம் ஒரே விடுதி அறை, ஒரே பேராசிரியர், ஒரே ஆராய்ச்சி. அந்த ஆராய்ச்சியும் இரும்புதான்.

புற்றுநோய்ச் செல் இரும்புக்கு அலைகிற ஜென்மம். சாதாரணச் செல்லைவிட அதற்குப் பசி அதிகம். மெல்லிய சர்க்கரைப் பூச்சு போட்ட நானோ இரும்புத் துகளை அதன் பக்கத்தில் கொண்டுபோய் விட்டால் அள்ளி அள்ளி விழுங்கும். உள்ளே போனதும் அங்கிருக்கும் புளிப்பில் பூச்சு கரைந்துவிடும். செல்லுக்குள் ஏற்கெனவே ஹைட்ரஜன் பெராக்சைடு ஊறிக்கிடக்கும். இரும்பும் அதுவும் சந்தித்ததும் நெருப்பில்லாமல் ஓர் எரிச்சல் பற்றிக்கொள்ளும், செல் உள்ளிருந்தே வெந்து சாகும். வெளியிலிருந்து யாரும் அடிக்க வேண்டாம், நம்பி உள்ளே விட்டதே அதை முடித்துவிடும். குருவி இதை எத்தனையோ கூட்டங்களில் சிரித்த முகத்தோடு விளக்கியிருக்கிறாள்.

துகளைச் செய்தவள் குருவி. அதில் ஒரு தொந்தரவு உண்டு. காற்றுப் படாமல், நைட்ரஜன் வாயு ஓடும் குடுவையில், சொட்டுச் சொட்டாகச் செய்ய வேண்டும். நல்ல துகள் மைபோலக் கறுப்பாக இருக்கும். கொஞ்சம் காற்றுப் பட்டாலும் துருவேறிப் பழுப்பாகிவிடும், அதற்குப் பிறகு அந்த வேகம் இராது. நான்கு வருடம் பழுப்பைப் பார்த்துப் பார்த்து அழுது, ஐந்தாம் வருடம்தான் கறுப்பு அவளுக்கு வசப்பட்டது. மைக்கல் முயன்றால் இன்றைக்கும் பழுப்புதான் வரும். ஆனால் குருவிக்கு எலி என்றால் குலை நடுங்கும், ஊசியோடு ஒரு தடவை எலி அறைக்குள் போய் மயங்கி விழுந்தவள். எலிகளை முழுக்க மைக்கல்தான் பார்த்துக்கொண்டாள். துகள் போட்ட எலிகளில் கட்டி பட்டாணி அளவுக்குச் சுருங்கியதை முதலில் பார்த்தவள் அவள். கையுறையைக்கூடக் கழற்றாமல் மூன்று மாடி ஓடிவந்து குருவியைக் கட்டிக்கொண்டாள்.

முனைவர் பட்டம் வேண்டுமென்றால் ஒரு கட்டுரையாவது அச்சில் வந்திருக்க வேண்டும், அதில் முதல் பெயர் நம்முடையதாக இருக்க வேண்டும். அது பல்கலைக்கழகத்தின் சட்டம். குருவிக்கு இந்த ஜூனோடு கெடு. இந்தக் கட்டுரையை விட்டால் அவளிடம் வேறு கட்டுரை இல்லை.

கட்டுரை ஏற்கப்பட்ட மார்ச் மாதம் பேராசிரியர் மியாவ் எல்லோரையும் கொதிசட்டிக் கடைக்குக் கூட்டிப் போனார். மியாவ் என்பது அவருடைய குடும்பப் பெயர். பூனைப் படம் போட்டுத்தான் மாணவர்கள் தங்களுக்குள் அவரைக் குறிப்பிடுவார்கள். நேரில் சார், முதுகுக்குப் பின்னால் முதலாளி. அன்றைக்கு முதலாளிக்கு நல்ல குஷி. பெரிய மருத்துவமனை ஒன்று இந்தத் துகளை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டிருந்தது.

கட்டுரையின் முதல் பக்கம் கைபேசியில் சுற்றி வந்தது. முதல் இரண்டு இடத்திலும் ஷென் யென், ஷென் யென் என்றே இருந்தது. இருவர் தலையிலும் ஒரு நட்சத்திரம், சமப் பங்கு என்று அர்த்தம்.

பான் லெய் என்று ஒருவன், குருவிக்கு ஒரு வருடம் ஜூனியர், எதையும் கிண்டல் பண்ணாமல் சாப்பாடு இறங்காது அவனுக்கு. "அக்கா, எதுக்கும் மைக்கல் அக்காவுக்கு ஒரு கப் டீ வாங்கிக் குடுத்து வச்சுக்கோங்க," என்றான். "ரெண்டு பேரையும் இடம் மாத்திப் போட்டாக்கூட ஒரு பய கண்டுபிடிக்க முடியாது!"

மேசையே சிரித்தது. குருவிதான் அதிகம் சிரித்தாள். "மாத்திக்கட்டுமே, ரெண்டும் என் பேருதான்!" என்றாள். மைக்கல் சிரிக்கவில்லை. கொதிக்கும் சட்டியிலிருந்து ஒரு மீன் உருண்டையை எடுத்துக் குருவியின் கிண்ணத்தில் வைத்தாள். பிறகு இன்னொன்று வைத்தாள். மைக்கலுக்கு மீன் உருண்டை என்றால் உயிர் என்பது குருவிக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

ஏப்ரல் மாதம் கட்டுரை அச்சில் வந்தது. குருவி அதை அச்செடுத்துக்கொண்டு பட்டப்படிப்பு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே பாவ் டீச்சர் இருந்தார். பாடம் எதுவும் எடுத்தவர் இல்லை, அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர். இங்கே நாற்காலியில் இருக்கிற எல்லோரும் டீச்சர்தான். கண்ணாடியை இறக்கிக் கட்டுரையையும் குருவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல எந்த ஷென் யென் நீ?"

"முதல் ஷென் யென், டீச்சர்."

"அப்படியா? செவ்வாக்கிழமை ஒரு பொண்ணு வந்து அதேதான் சொல்லிட்டுப் போச்சே."

குருவிக்குச் சட்டென்று புரியவில்லை. அலுவலகக் குளறுபடி என்றுதான் நினைத்தாள். ஐந்து வருடம் இந்தக் குழப்பத்திலேயே குடித்தனம் நடத்தியவள் அல்லவா. "அவ என் ஃபிரண்டு டீச்சர். ரெண்டாவது பேரு அவளோடது. எப்பவும் இப்படித்தான் மாறிப்போகும்," என்று சிரித்தாள்.

பாவ் டீச்சர் சிரிக்கவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துத் திருப்பிக் காட்டினார். பேராசிரியர் மியாவின் கடிதம். கட்டுரையின் முதல் ஆசிரியர் கீழ்க்கண்ட மாணவி என்று சான்றளிக்கிறேன். கீழே சீன எழுத்தில் பெயர், அதன் மேலேயே சிவப்பு முத்திரை. எழுத்தின் இடப்பக்கம் கல் இருந்தது.

"ஒரு கட்டுரைக்கு ஒரு முதல் ஆசிரியர்தாம்மா. நட்சத்திரமெல்லாம் எங்க கணக்குல வராது," என்றார் டீச்சர். பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பேருக்கு மேல பொடி எழுத்துல நம்பர் இருக்கு பாரு. முதல் பேருக்கு ஒண்ணு, ரெண்டு. அடுத்த பேருக்கு வெறும் ஒண்ணு. ஒண்ணுன்னா நம்ம யுனிவர்சிட்டி. ரெண்டு எதுன்னு கீழ பாரு."

குருவி பார்த்தாள். இரண்டு என்றால் அந்த மருத்துவமனை. குருவி அந்த மருத்துவமனைக்குப் போனதே இல்லை. ஜலதோஷத்துக்குக்கூட.

"டீச்சர், இது தப்பு. நான் புகார் எழுதித் தரேன்."

"எழுதலாம். ஆனா எல்லா ஆசிரியரும் சம்மதக் கையெழுத்துப் போட்ட தாள் இதோட இணைச்சிருக்காங்களே. நீ எந்த வரியில போட்டிருக்கேன்னு முதல்ல பாத்துக்கோம்மா."

இரண்டாவது வரியில் இருந்தது. அவளுடைய கையெழுத்தேதான், குருவியின் வாலை நீட்டி இழுத்து ஒரு சுழி போட்டு.

அப்போதுதான் ஜனவரி மாதத்து அந்த மத்தியானம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. குடுவையில் நைட்ரஜன் ஓடிக்கொண்டிருந்தது, அவள் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். மைக்கல் ஒரு தாளோடு வந்தாள். "குருவி, ஒரு கையெழுத்துப் போடு. பத்திரிகைக்கு அனுப்பணும்." "எங்க?" "இங்க." மைக்கலின் விரல் இரண்டாவது வரியில் இருந்தது. முதல் வரியிலும் ஷென் யென், இரண்டாவது வரியிலும் ஷென் யென், இரண்டும் ஆங்கில எழுத்தில். குருவி ஒரு கை உறையை மட்டும் பல்லால் இழுத்துக் கழற்றி, விரல் காட்டிய இடத்தில் போட்டுவிட்டுச் சொட்டுகளுக்குத் திரும்பினாள். எந்த வரி என்று பார்க்கவில்லை. வாசித்தாலும் தெரிந்திருக்காது. தன் பெயரைத் தானே வாசித்து ஏமாந்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மியாவ் சார் தன் அறையில் தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார். அவர் அதிர்ச்சி அடையவில்லை.

"நானே உன்னைக் கூப்பிட்டுப் பேசணும்னு இருந்தேன்."

"ஜனவரியில கூப்பிட்டிருக்கலாமே சார்."

"இங்க பாரும்மா. சோதனை நடத்தப்போறது மருத்துவமனை. முதல் பேரு அவங்க ஆளா இருந்தாத்தான் அவங்க டைரக்டர் அசைவாரு. மைக்கல் ஜூலையில அங்க வேலைக்குச் சேர்றா. எலி வேலையெல்லாம் அவதானே பண்ணினா? அநியாயமா ஒண்ணும் நடக்கல. சமப் பங்குன்னு நட்சத்திரம் போட்டிருக்கேன்."

"நட்சத்திரத்தை வச்சு எனக்குப் பட்டம் தருவாங்களா சார்?"

"ஒரு வருஷம் இரு. அடுத்த கட்டுரை உனக்குத்தான், நான் கியாரண்டி." தேநீரை ஊதிக் குடித்தார். "இதை யோசிச்சுப் பாரு. நாளைக்கு நோயாளி உடம்புக்குள்ள போற இரும்பு யாரு பேருல போனா என்ன? வேலை செய்யணும், அவ்வளவுதானே?"

"அப்போ உங்க பேரு இல்லாமலும் போகலாமே சார்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். குருவி ஐந்து வருடத்தில் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. ஆனால் சொன்னதை விழுங்க அவளுக்கு மனம் வரவில்லை.

"கையெழுத்துப் போட்டிருக்க," என்றார் அவர், மெதுவாக. "அதையும் யோசிச்சுக்கோ." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முதலாளியின் மேல் அவளுக்கு வந்தது கோபம் மட்டும்தான். முதலாளிகள் நம் தலையில் மிளகாய் அரைப்பார்கள், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வலித்தது வேறு. செவ்வாய்க்கிழமை அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, சாயங்காலம் மைக்கல் அவளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். நார்கூட எடுத்துக் கொடுத்தாள்.

எலி அறை அடித்தளத்தில் இருந்தது. மயங்கி விழுந்த நாளுக்குப் பிறகு குருவி அங்கே போனதில்லை. இன்றைக்குப் போனாள். நீல உடுப்பும் தொப்பியும் மாட்டிக்கொண்டு கதவைத் தள்ளியதும் அந்த வாடை மூஞ்சியில் அடித்தது. மைக்கல் ஓர் எலியைக் கையில் பிடித்து, கட்டியை அளந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தவளின் கண்கள் முகமூடிக்கு மேலே பெரிதாயின. குருவி இங்கே வந்திருக்கிறாள் என்றால் விஷயம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம், வேறு எதற்கும் அவள் இந்தக் கதவைத் தாண்ட மாட்டாள்.

"உக்காரு குருவி. விழுந்துடப்போற."

"நான் விழுந்து மூணு மாசம் ஆச்சுடி. இன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

மைக்கல் எலியைக் கூண்டில் விட்டு மூடினாள். "சொல்லத்தான் வந்தேன். சத்தியமா அன்னைக்குச் சொல்லத்தான் வந்தேன். நீ நிமிர்ந்துகூடப் பாக்கல. கையுறையைக் கழட்டி, டக்குனு போட்டுட்ட."

"சொல்ல வந்தவ விரலை எங்கடி வச்ச? ரெண்டாவது வரியிலதானே வச்ச?"

மைக்கல் கூண்டின் மூடியை இன்னொரு தடவை அழுத்தினாள்.

"கடையில அவன் கிண்டல் பண்ணினான். நான் சிரிச்சேன். பல்லைக் காட்டிச் சிரிச்சேன். நீ எதிர்ல உக்காந்து மீன் உருண்டை எடுத்து வைக்கிற. என்னைப் பாத்தா உனக்கு எப்படி இருந்துச்சு?"

"நானும் அஞ்சு வருஷம் இருந்திருக்கேன்," என்றாள் மைக்கல். "உன் இரும்பு கறுப்பா இருக்குன்னு எல்லாரும் பாராட்டினாங்க. நானூறு எலி, குருவி. ஒவ்வொண்ணா குத்தி, அளந்து, அறுத்தவ நான். எங்க பேரு வரும்னு யாராவது என்னைக் கேட்டாங்களா? நீ கேட்டியா? முதல் பேரு உன்னோடதுன்னு நீயே வச்சுக்கிட்ட."

அதில் உண்மை இருந்தது. அந்த உண்மையை இப்போது, இப்படிக் கேட்க வேண்டியிருந்ததுதான் குருவிக்கு எரிந்தது.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டி," என்றாள். சொல்லும்போதே அது நிஜமா என்று அவளுக்குத் தெரியவில்லை. "குடுக்காம சண்டை போட்டிருப்பேன். முடியைப் பிடிச்சுக்கூட சண்டை போட்டிருப்பேன். ஆனா உனக்கு வேணும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். நீ என்னைக் குருடியாக்கி, என் கையாலயே எழுதி வாங்கிக்கிட்ட."

மைக்கல் முகமூடியை இறக்கினாள். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்திருந்தது. அவள் அழுவதைப் பார்த்தால் எப்போதும் குருவிக்கும் அழுகை வரும். இன்றைக்கு வரவில்லை. கூண்டுகளில் எலிகள் சரசரவென்று மரத்தூளைக் கிளறிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்து அவளுக்கு மயக்கம் வரவில்லை என்பதை வெளியே வந்த பிறகுதான் கவனித்தாள்.

மறுவாரம் மருத்துவமனை டைரக்டர் வந்து பார்ப்பதாக இருந்தது. முதல் ஆசிரியர் மைக்கல் அவருக்குத் துகளைக் காட்டி விளக்க வேண்டும். புதிதாக ஒரு குப்பி வேண்டும். அதைச் செய்ய உலகத்தில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். முதலாளி நேரில் கேட்கவில்லை. பான் லெய்யை அனுப்பினார். எப்போதும் வாய் ஓயாதவன், அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, சார் ஒரு குப்பி கேட்டாரு," என்று முடித்துக்கொண்டான். கொதிசட்டிக் கடையில் அடித்த கிண்டலை நினைத்து அவன் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

குருவி செய்தாள். காலையில் ஆரம்பித்து, நைட்ரஜனைத் திறந்து, சொட்டுச் சொட்டாக. மத்தியானம் குடுவை கறுத்தது. காந்தத்தைக் காட்டினால் கறுப்பு முழுக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. இந்த ஐந்து வருடத்தில் வந்ததிலேயே நல்ல கறுப்பு அதுதான்.

நைட்ரஜன் குழாய் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை மூடி, குப்பியைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் போதும். யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. டைரக்டர் முன்னால் மைக்கல் ஒரு குப்பி பழுப்புத் தண்ணீரோடு நிற்பாள். துகள் வேலை செய்கிறது என்று காட்ட நீலமாக மாற வேண்டிய சாயம் மாறாது. ஏன் மாறவில்லை என்று கேட்டால் அவளுக்குப் பதில் தெரியாது.

குருவி குழாயின் மேல் கையை வைத்தாள். இரும்பு சில்லென்றிருந்தது. வெகுநேரம் அப்படியே நின்றாள். நல்லவள் என்பதால் அவள் அதைச் செய்யாமல் விடவில்லை. நாலு வருடம் பழுப்பைப் பார்த்து அழுதவளுக்குத் தன் கையால் ஒரு கறுப்பைப் பழுப்பாக்க முடியவில்லை, அவ்வளவுதான். குப்பியின் மூடியை இறுக்கினாள்.

குப்பியை வாங்கிக்கொள்ள மைக்கலே வந்தாள். வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு. குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"கறுப்பா இருக்கு," என்றாள். "நீ கெடுத்திருப்பேன்னு நெனச்சேன்."

"எனக்குத் தெரியும்."

"நாம இன்னும் இரும்புதானே, குருவி?"

குருவி குடுவையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். "இரும்புதான். காத்துப் பட்டுடுச்சு."

மைக்கலுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. காற்றுப் பட்ட இரும்பைத் திரும்பக் கறுப்பாக்க முடியாது என்று அந்த ஆய்வகத்தில் அவளும் முயன்று பார்த்துத் தெரிந்துகொண்டவள்தான். குப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் குருவியின் அப்பா கூப்பிட்டார். வடகிழக்கில் அன்ஷானில், உருக்கு உலையில் முப்பது வருடம் நின்று ஓய்வு பெற்றவர். நாங்கள் டன் கணக்கில் இரும்பு செய்தோம், என் பெண் கண்ணுக்குத் தெரியாத இரும்பு செய்கிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறவர். பின்னணியில் மாஜோங் ஆட்டக் காய்கள் உருட்டும் சத்தமும் கிழவர்கள் சத்தம் போடுவதும் கேட்டது.

"கண்ணு! உன் கட்டுரையை நம்ம வாங் வீட்டுப் பையன் கம்ப்யூட்டர்ல எடுத்துக் குடுத்தான். பென்ஷன்காரங்க மன்றத்துல செவுத்துல ஒட்டியாச்சு. எனக்குத்தான் இங்கிலீஷ் வராதே, அவனை விட்டுப் படிக்கச் சொன்னேன். சிவப்புப் பேனாவால உன் பேரைச் சுத்தி வட்டம் போட்டு வச்சிருக்கேன்."

"சரிப்பா."

"ஒண்ணு கேக்கணும். உன் பேரை ரெண்டு தடவை போட்டிருக்காங்களே? பக்கத்துப் பக்கத்துல? வாங் பையன் அச்சுத் தப்புங்கிறான். நான் சொன்னேன், மடையா, வேலை அவ்வளவு பெருசு, ஒரு தடவை போட்டாப் போதாதுன்னு ரெண்டு தடவை போட்டிருக்காங்கன்னு. ரெண்டுக்கும் வட்டம் போட்டுட்டேன். சரிதானே?"

அழாமல் ஒரு வாரத்தைத் தள்ளிவிட்டிருந்தாள் குருவி. இப்போது அழுகை வந்தது. கைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்து, மூச்சை இழுத்துவிட்டு, மறுபடி வைத்தாள். ஆமாம் என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், அவர் சாகும்வரை அந்தச் சுவரைப் பார்த்துச் சந்தோஷமாக இருப்பார். ஆனால் அதே பொய்யை இன்னொரு வாயும் சொல்ல வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"அப்பா, அந்தப் பேனா கையில இருக்கா?"

"இருக்கே, சட்டைப் பையில."

"முதல் வட்டத்தை அடிச்சுடுங்கப்பா. அது நான் இல்ல."

மாஜோங் காய்களின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "பின்ன அது யாரு, கண்ணு?" என்றார் அப்பா.

"என் ஃபிரண்டுப்பா. ஒரே பேரு."

சுவரை நோக்கி நடக்கும் செருப்புச் சத்தமும், பிறகு பேனா தாளைக் கீறும் சத்தமும் கேட்டன. ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை.